இடஞ்சுழி

"மத்தியானம் முட்டையை வெட்டுவாங்க. அடுத்தது என்னைத்தான்," என்றாள் டாக்டர் யாக்னா.

அழாமல் சொன்னாள். அதுதான் காயெத்தானுக்கு என்னவோ போலிருந்தது. அழுகிறவர்களைச் சமாளிக்க அவனிடம் ஒரு கைக்குட்டையும் நாலு அறுவை ஜோக்கும் எப்போதும் கைவசம் உண்டு. இந்தப் பெண்ணோ வெள்ளைக் கோட்டுக்குக் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு, தூக்குத்தண்டனைக் கைதி காலைப் பலகாரத்தைப் பற்றிப் பேசுவது போலப் பேசினாள். அவனுடைய சரக்கு எதுவும் இங்கே விலைபோகாது.

அவன் உதவியாளனாக வேலை பார்க்கும் துப்பறிவாளர் ஒட்டீலியா வ்ரோனா வாயில் இருந்த சீமைச்சீரகத்தை மென்றுகொண்டே, "முதல்ல இருந்து சொல்லுங்க. நான் போலீஸ்ல இருந்தவ. செடின்னா எனக்குக் கீரை மட்டும்தான் தெரியும்," என்றாள்.

யாக்னா சொன்னாள். போலந்தில் லூப்ளினிலிருந்து கிழக்கே போகும் சாலையில் இருக்கும் இந்த யாவோரூவ்கா ஓட்ஸ் நிலையத்தில், டாக்டர் போகுமில் என்பவர் பத்து வருஷத்துக்கு மேல் பாடுபட்டு ஒரு புது ரகத்தை வளர்த்திருந்தார். பெயர் பியோர்கோ. இலையில் வெள்ளை வெள்ளையாய்ப் பூத்துப் பயிரை உறிஞ்சிவிடும் சாம்பல் நோய் அதை மட்டும் தொடாது என்று பேர். ஈஸ்டர் முடிந்ததும் வார்சாவிலிருந்து குழு வரும், பார்க்கும், விதைக்க அனுமதி கொடுக்கும். எல்லாம் ஏறக்குறைய முடிந்த மாதிரிதான் இருந்தது. போன மாசம் ஒருநாள் கண்ணாடி வீட்டைத் திறந்தால் பியோர்கோவும் பக்கத்துச் சாதா ரகங்களும் மொத்தமாக மாவில் புரட்டியெடுத்தது போல வெளுத்துக் கிடந்தன.

"இந்த நிலையத்துல உயிரோட பூஞ்சை இருக்கற ஒரே ரூம் என்னோடது. சாவியும் என்கிட்ட மட்டும்தான். புரொபசர் செவெரின் வெளுத்த செடியில இருந்து ஒரு புள்ளியை எடுத்துச் சோதிச்சார். அது என் பெட்டியில இருக்கற ஒண்ணோட அப்படியே ஒத்துப்போச்சு. முடிஞ்சது கதை. இன்னிக்கு விருந்துல எல்லார் முன்னாடியும் அறிவிக்கப் போறார். அதுக்கப்புறம் இந்த நாட்டுல எந்த ஆய்வுக்கூடத்துலயும் என்னை ஒரு இலையைத் தொட விடமாட்டாங்க."

"ஒத்துப்போச்சுன்னா எப்படி? பூஞ்சைக்கும் ரேகை எடுக்கறீங்களா?" என்றான் காயெத்தான்.

"ஆமா, எடுக்கறோம்."

அவள் ஒரு தட்டைத் தூக்கிக் காட்டினாள். விரல்நீள ஓட்ஸ் இலைத் துண்டுகள் வரிசையாகப் படுத்திருந்தன. சில வரிசைகள் பச்சை, சில வெள்ளை. "ஒவ்வொரு வரிசையும் வேற வேற ஓட்ஸ். ஒவ்வொண்ணும் தன் கதவுல வேற பூட்டு போட்டிருக்கு. பூஞ்சையை மேல தூவிட்டுக் காத்திருப்போம். எந்தெந்தப் பூட்டை அது திறக்குது, எதெதுல தோத்துப்போகுதுங்கறதுதான் அதோட ரேகை. புரொபசர் ஒரே ஒரு புள்ளியைத்தான் பார்த்தார். நான் கண்ணாடி வீடு முழுக்கச் செடி செடியா எடுத்து எல்லாத்தையும் சோதிச்சேன். இன்னிக்குக் காலையிலதான் முடிவு வந்துச்சு."

"என்ன வந்துச்சு?"

"ஒரு ரேகை இல்லை மேடம். ஏழெட்டு." முதல்தடவையாக அவள் குரலில் ஒரு சூடு ஏறியது. "என் பெட்டியில இருக்கறதெல்லாம் தட்டுக்கு ஒரே ஒரு வித்துல இருந்து வளர்த்தது. சுத்தமான ஒத்தை வம்சம். கண்ணாடி வீட்டுல இருந்தது சந்தைக் கூட்டம். இப்படிக் கலந்துகட்டி வயல்லதான் இருக்கும். அதுல ஒண்ணு என்னோடதை மாதிரி இருந்தா அதிசயம் இல்லை, நானும் இந்தப் பக்கத்து வயல்ல இருந்துதான் பிடிச்சேன்."

"புரொபசர்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். 'வெளியில பனியே இப்பத்தான் உருகுது. வயல்ல ஒரு ஓட்ஸ் செடி கிடையாது. எங்கிருந்து வரும்?'னு கேட்டார்."

ஒட்டீலியா மெல்லுவதை நிறுத்தினாள். பல வருஷம் அவளோடு சுற்றியவன் என்பதால் காயெத்தானுக்கு அதன் அர்த்தம் தெரியும். உடனே நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"ஏங்க, இந்தப் பூஞ்சையைக் காகிதத்துல மடிச்சுப் பையில வைச்சுக்க முடியுமா?" என்று கேட்டாள் ஒட்டீலியா.

"ரெண்டு மூணு நாள் தாங்கலாம். குளிர்காலம் முழுக்கத் தாங்காது. உயிரோட பச்சையா இருக்கற இலைதான் அதுக்குச் சாப்பாடு. அதுவும் ஓட்ஸ் இலைதான். கோதுமைக்கு வர்ற சாம்பல் வேற, பார்லிக்கு வர்றது வேற. ஒண்ணோட பந்தியில இன்னொண்ணு உட்காராது."

"எங்க மாமனார் மாதிரி," என்றான் காயெத்தான். "சுடச்சுட இருக்கணும், அவங்க வீட்டுச் சமையலா இருக்கணும்."

யாரும் சிரிக்கவில்லை. ஒட்டீலியா எழுந்து நின்றாள்.

"அப்போ யாரோ போன கோடையிலயே வயல்ல பிடிச்சு, பனிக்காலம் முழுக்க வீட்டுக்குள்ள ஓட்ஸ் விதைச்சு விதைச்சுத் தீனி போட்டு வளர்த்திருக்காங்க. கண்ணாடி வீடு முழுக்கப் பரவணும்னா அதுல ஒரு தொட்டியாவது இந்தக் கட்டடத்துக்குள்ள வந்திருக்கணும். அந்தத் தொட்டி இப்போ எங்கே?"

யாக்னா கடிகாரத்தைப் பார்த்தாள். "உள்ளே வந்த பச்சை எதுவும் உயிரோட வெளியே போகக் கூடாது. இங்க அதுதான் சட்டம். எதுவா இருந்தாலும் ஆவியடுப்புல வேகவைச்சுத்தான் குப்பைக்குப் போகும். இன்னிக்கு விருந்து முடிஞ்ச கையோட, லீவுக்கு முன்னாடி, கட்டடத்துல இருக்கற அத்தனை பச்சையையும் வண்டியில ஏத்திடுவாங்க."

"நல்லது. அப்போ அது இன்னும் உள்ளேதான் இருக்கு. கொஞ்ச நேரத்துல வெந்துடும். இன்னும் ஒண்ணு. பியோர்கோ இதுக்கு முன்னாடி எங்கேயாவது சீக்காகி யாராவது பார்த்திருக்காங்களா?"

"ஒரே ஒரு செடி. போன ஆகஸ்ட்ல, பூக் ஆத்தங்கரையில ஒரு விவசாயி சோதனைக்குப் போட்ட வயல்ல. டாக்டர் போகுமில்கிட்ட காட்டினேன். விதை கலந்துடுச்சு, இது பியோர்கோவே இல்லைன்னார். அதோட விட்டுட்டேன்."

வெளியே நடையில் அந்த டாக்டர் போகுமிலே எதிரில் வந்தார். நெட்டையான ஆள், தோள் லேசாகக் கூனியிருந்தது. இருமிக்கொண்டே வந்து காயெத்தானின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அந்தப் பொண்ணைப் போட்டுத் துருவாதீங்க தம்பி. கை தவறுறது யாருக்கும் நடக்கும். நான் அவளை மன்னிச்சுட்டேன். புரொபசர்கிட்டயும் கெஞ்சிப் பார்த்துட்டேன், கேட்க மாட்டேங்கறார்."

காயெத்தானுக்கு நெஞ்சு இளகிவிட்டது. பத்து வருஷ உழைப்பைப் பறிகொடுத்தவர் இப்படிப் பேசுகிறாரே என்று நினைத்தான். ஒட்டீலியா மட்டும் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உங்களுக்குக் கோபமே வரலையா டாக்டர்?"

"கோபப்பட்டா பயிர் திரும்பி வருமா?" என்றார் அவர். வருத்தமாய்ச் சிரித்துவிட்டுப் போனார்.

"தங்கமான மனுஷன். அந்த புரொபசர்தான் சரியில்லை. பாருங்க, கடைசியில அவர் அலமாரியிலதான் தொட்டி இருக்கப் போகுது," என்றான் காயெத்தான்.

"உனக்கு யாரோட மூக்கு பிடிக்கலையோ அவன்தான் திருடன். வா, வாசல்ல விசாரிப்போம்."

வாசல் காவல்காரர் அல்போன்ஸுக்கு மீசையும் ரோஷமும் சம அளவில் இருந்தன. ஓட்ஸ் செடி உள்ளே வந்ததா என்று கேட்டதும் அவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"என் வாசல் வழியா ஒரு ஓட்ஸ் இலை உள்ளே வராதும்மா. கணக்குப் பிரிவு அம்மா முயலுக்குன்னு பையில கொஞ்சம் ஓட்ஸ் புல்லு வைச்சிருந்தாங்க. முயலையே கையில பிடிச்சுக்கிட்டு வந்து நின்னாலும் விடமாட்டேன்னு திருப்பி அனுப்பினவன் நான்."

"சரிங்க. ஓட்ஸ் இல்லாம வேற பச்சை ஏதாவது?"

"வேற என்ன, ஆட்டுக்குட்டிங்கதான்."

காயெத்தான் ஒரு நிமிஷம் நின்று யோசித்தான். பிறகு உறைத்தது. ஈஸ்டருக்கு ஒவ்வொரு வீட்டிலும் கிண்ணத்தில் பச்சை விதைத்து, அது முளைத்ததும் நடுவில் சர்க்கரையில் வார்த்த ஆட்டுக்குட்டியைக் கையில் சிவப்புக் கொடியோடு நிறுத்துவார்கள். அவன் அம்மா இன்றைக்கும் ஓட்ஸில்தான் நிறுத்துகிறாள்.

"பெரும்பாலும் எல்லாரும் ஓட்ஸ்தானே விதைப்பாங்க?" என்றான்.

"ஊர்ல விதைப்பாங்க. இங்க விதைச்சா வேலை போயிடும். அதனால இந்த நிலையத்துல ஆட்டுக்குட்டி மேயறது ரெண்டே ரெண்டுலதான். ஒண்ணு காரக்கீரை, இன்னொண்ணு கோதுமை. கோதுமைச் சாம்பல் ஓட்ஸைத் தொடாதுன்னு புரொபசரே சொல்லி அனுமதிச்சது. காரக்கீரை ஒரு பத்துப் பன்னெண்டு கிண்ணம் வந்துச்சு. கோதுமை மூணு. புரொபசரோடது, அவர் செக்ரட்டரியோடது, டாக்டர் போகுமிலோடது."

"கோதுமைதான்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று ஒட்டீலியா ரொம்பச் சாதாரணமாகக் கேட்டாள்.

அல்போன்ஸ் மீசை கொஞ்சம் இறங்கியது. "அவங்கதான் சொன்னாங்க."

"நீங்க பார்க்கலை."

"பெரிய பெரிய டாக்டருங்கம்மா. சாமிக்கு வைக்கிற ஆட்டுக்குட்டியைக் கையில ஏந்திக்கிட்டு வர்றாங்க. சட்டையைக் கழட்டியா சோதிக்க முடியும்?"

கட்டடத்துக்குள் மணி அடித்தது. விருந்துக்குக் கூப்பிடுகிறார்கள். ஒட்டீலியா ஓட ஆரம்பித்தாள். அறுபதை நெருங்குகிற, முழங்கால் வலிக்கிற, லிஃப்ட் இல்லாத வீட்டில் வழக்கே வேண்டாம் என்று சொல்கிற ஒட்டீலியா ஓடுவதைப் பார்த்ததும் காயெத்தானும் பின்னாலேயே ஓடினான்.

கூடத்தில் நீளமான மேஜை போட்டிருந்தார்கள். புளிக்கஞ்சி ஆவி பறந்தது, அதில் வெள்ளை சாஸேஜ் மிதந்தது. குதிரைமுள்ளங்கித் துவையல், உலர்பழக் கேக், நடுவில் தட்டு நிறைய வெட்டி வைத்த முட்டை. ஊழியர்கள் எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள். ஆளுக்கொரு துண்டு முட்டையை எடுத்துக்கொண்டு, ஒருவர் தட்டிலிருந்து ஒருவர் எடுத்து உண்டு, நல்லது நடக்கட்டும் என்று வாழ்த்த வேண்டும். சண்டை போட்டவர்களும் இன்று வாழ்த்தித்தான் ஆக வேண்டும். யாக்னாவின் தட்டிலிருந்து மட்டும் யாரும் எடுக்கவில்லை. அவள் ஜன்னலோரம் தட்டை ஏந்திக்கொண்டு தனியாக நின்றாள். காயெத்தானுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

வாசலில் ஆவியடுப்புக்காரர் தள்ளுவண்டியோடு தயாராக நின்றார்.

மேஜை நெடுக ஆட்டுக்குட்டிகள். எல்லோருடைய அறையிலிருந்தும் கிண்ணங்களைச் செக்ரட்டரி அம்மா திரட்டி வந்து அவரவர் இடத்துக்கு எதிரே அலங்காரமாக வைத்திருந்தாள். புரொபசர் செவெரின் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். கட்டையான, சிவந்த, யாரையும் நேரே பார்க்காத மனிதர்.

"காயெத்தான், ஆட்டுக்குட்டி நிக்கிற புல்லு மேல வெள்ளையா இருக்கே, அது என்ன?" என்று ஒட்டீலியா கிசுகிசுத்தாள்.

"ஆட்டுக்குட்டி மேல தூவின பொடிச்சர்க்கரை. உதிர்ந்திருக்கு."

"மூணு கோதுமைக் கிண்ணத்துலயும் இருக்கு. போய் நக்கிப் பாரு."

"என்னது?"

"நக்கிப் பாருடா. உனக்கு எப்பவும் பசிதானே. யாரும் சந்தேகப்பட மாட்டாங்க."

அவன் மானத்தை விட்டான். முட்டைத் துண்டு எடுக்கிறவன் போல மேஜையை ஒட்டி நகர்ந்தான். முதலில் புரொபசரின் கிண்ணம். மனதுக்குள் வேண்டிக்கொண்டே விரலை நனைத்துத் தொட்டு நாக்கில் வைத்தான். இனித்தது. மனசு விட்டுப்போயிற்று. செக்ரட்டரி அம்மாவின் கிண்ணத்தைத் தொட்டான். அவள் பார்த்துவிட்டு, "குழந்தைகூட இப்படிப் பண்ணாது," என்றாள். அதுவும் இனிப்புதான்.

"நண்பர்களே," என்று புரொபசர் ஆரம்பித்தார், "நல்ல நாளும் அதுவுமாக ஒரு கசப்பான செய்தியைச் சொல்ல வேண்டியிருக்கிறது."

மூன்றாவது கிண்ணத்தில் ஆட்டுக்குட்டி மேல் சர்க்கரை தாராளமாகவே கொட்டியிருந்தது. காயெத்தான் அதைத் தொடவில்லை. புல்லின் நுனியில் திட்டுத்திட்டாய் ஒட்டியிருந்த வெள்ளையைத் தொட்டு நாக்கில் வைத்தான். மண்ணும் பழைய ரொட்டியும் கலந்த மாதிரி ஏதோ நாக்கில் ஒட்டியது.

"மேடம்," என்றான். குரல் தானாக உயர்ந்துவிட்டது. "இது இனிக்கலை."

கூடம் திரும்பிப் பார்த்தது. ஒட்டீலியா நேரே மேஜைக்கு வந்து அந்தக் கிண்ணத்தைத் தூக்கினாள். "மன்னிக்கணும் புரொபசர். உங்க கசப்பான செய்திக்கு முன்னாடி என் ஆள் ஒரு சப்புன்னு இருக்கற செய்தியைக் கண்டுபிடிச்சிருக்கான். இந்த ஆட்டுக்குட்டி நிக்கிறது சர்க்கரையில இல்லை. சாம்பல் நோய்ல. கிண்ணம் யாரோடது?"

"என்னோடதுதான்," என்றார் டாக்டர் போகுமில்.

தங்கமான மனுஷன் என்று கொஞ்ச நேரத்துக்கு முன்னால் சான்றிதழ் கொடுத்த வாய் காயெத்தானுடையது.

போகுமில் அசரவில்லை. வந்து கிண்ணத்தைப் பார்த்தார், உச்சுக் கொட்டினார். "அடடா, சாம்பல்தான். நான் கவனிக்கவே இல்லை. ஆனா மேடம், இது கோதுமை. கோதுமைச் சாம்பல் கோதுமையைத்தான் பிடிக்கும். ஓட்ஸ் மேல மூட்டை மூட்டையா கொட்டினாலும் ஒட்டாது. இந்தக் கூடத்துல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க."

கூடம் தலையாட்டியது. ஒரு மூலையில் யாரோ சிரித்தார்கள். புரொபசர் செவெரின் முகம் இன்னும் சிவந்தது. "அம்மணி, இது ஆராய்ச்சி நிலையம். கிண்ணத்தை வண்டியில வைங்க. நான் என் பேச்சை முடிக்கணும்."

ஆவியடுப்புக்காரர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். ஜன்னலோரம் நின்ற யாக்னா வண்டியையே பார்த்தாள். வேலை, பேர், படிப்பு எல்லாம் அந்த வண்டிச் சக்கரத்தோடு உருண்டு வருவது அவள் முகத்தில் தெரிந்தது. ஒட்டீலியா கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை.

"வைச்சுடறேன் புரொபசர். ஒரே ஒரு சந்தேகம், படிக்காதவ கேட்கறேன். கதிர் வர்றதுக்கு முன்னாடி, வெறும் புல்லா இருக்கறப்போ, ஓட்ஸையும் கோதுமையையும் எப்படிப் பிரிப்பீங்க?"

"முதல் வருஷ மாணவனுக்கே தெரியும். இலை முறுக்கிக்கிட்டுப் போற திசை. கோதுமை இலை வலஞ்சுழி. ஓட்ஸ் இடஞ்சுழி."

"அப்போ இதைப் பார்த்துச் சொல்லிடுங்க. நானும் கத்துக்கறேன்."

புரொபசர் அலுப்போடு வாங்கினார். "நுனியெல்லாம் கத்தரிச்சிருக்கே. கட்டையா இருந்தா முறுக்கு தெரியாது."

"ஆமால்ல? ஈஸ்டர் பச்சையை ரெண்டு வாரம் முன்னாடிதான் விதைப்பாங்க. மத்தவங்க கிண்ணத்துல கத்தரி படவே இல்லை. இது ரொம்ப முன்னாடியே வந்து, வளர்ந்து, முடிவெட்டிக்கிட்டிருக்கு. ஆனா ஆட்டுக்குட்டியோட காலுக்கு நடுவுல கத்தரி நுழையலை. சர்க்கரைக் கால், உடைஞ்சுடும். அங்க ரெண்டு இலை முழுசா இருக்கு பாருங்க."

புரொபசர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஆட்டுக்குட்டியின் வயிற்றுக்கடியில் உற்றுப் பார்த்தார். ஒரு இலையை மெதுவாக உருவி, மேலிருந்து கீழாகப் பிடித்து, விரலால் தடவிக்கொண்டே போனார். மறுபடி தடவினார். கிண்ணத்தை மேஜையில் வைத்தார்.

"இடஞ்சுழி," என்றார். "போகுமில், இது ஓட்ஸ்."

ஒரு கூடம் நிறைய ஓட்ஸ் விஞ்ஞானிகள். ஆளாளுக்கு அந்தக் கிண்ணத்தைத் தாண்டித்தான் முட்டையை எடுத்திருக்கிறார்கள். ஆட்டுக்குட்டி நிற்கிறதா, அது திருநாள் பொருள், அவ்வளவுதான். வயலில் இருந்தால் பத்தடி தூரத்திலேயே பெயர் சொல்லியிருப்பார்கள்.

"நீங்களா?" என்றாள் யாக்னா. தட்டோடு நடந்து வந்தாள். "ஆத்தங்கரையில நான் காட்டின செடி. கலப்பு விதைன்னு சொல்லிட்டு நீங்கதான் வேரோட எடுத்துட்டுப் போனீங்க. அது பியோர்கோவேதான், இல்லையா?"

போகுமில் பக்கத்திலிருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணு ஆரம்பத்துலயே உறுத்துச்சு," என்றாள் ஒட்டீலியா. "பிள்ளையைப் பறிகொடுத்தவன் எப்படிச் செத்துச்சு, யார் செஞ்சதுன்னுதான் முதல்ல கேட்பான். இவர் கேட்கவே இல்லை. நேரா மன்னிப்புக்குப் போயிட்டார். ஒருத்தரை மன்னிச்சுட்டா அவங்கதான் பண்ணினாங்கன்னு ஊரே நம்பிடும். ஆனா சொந்தப் பயிரை ஏன் கொன்னீங்க டாக்டர்? அது மட்டும் எனக்குப் புரியலை."

"அது எப்படியும் செத்திருக்கும்," என்றார் போகுமில். குரல் அடிக்கிணற்றிலிருந்து வந்தது. "வெளியில ஏற்கெனவே ஒண்ணு பிறந்துடுச்சு, பியோர்கோவோட பூட்டைத் திறக்கற பூஞ்சை. அனுமதி கிடைச்சு, ஊரெல்லாம் விதைச்சு, ரெண்டு வருஷத்துல வயல் வயலா வெளுத்திருக்கும். விவசாயி என் பேரைச் சொல்லிக் காறித் துப்புவான். இங்கேயே, உள்ளேயே போயிட்டா, நல்ல ரகம், ஆய்வுக்கூடத்துல யாரோ கவனக்குறைவா இருந்ததால போச்சுன்னு சொல்லுவாங்க. என் பேராவது மிஞ்சும்."

"அதுக்கு என் பேர்," என்றாள் யாக்னா.

"நீ சின்னவ. உனக்கு இன்னும் காலம் இருக்குன்னு நினைச்சேன்."

காயெத்தான் அடிக்கப் போய்விடுவோமோ என்று பயந்து இரண்டு கையையும் பைக்குள் விட்டுக்கொண்டான். புரொபசர் செவெரின் முட்டைத் தட்டை எடுத்துக்கொண்டு யாக்னா முன்னால் வந்து நின்றார். என்ன சொல்வதென்று தெரியாமல் தட்டை மட்டும் நீட்டினார். அவள் ஒரு துண்டு எடுத்துக்கொண்டாள். அவருக்கு நல்லது நடக்கட்டும் என்று வாழ்த்தவும் செய்தாள், அழுத்தமாக, ஒவ்வொரு எழுத்தாக. பிறகு போகுமில் பக்கம் திரும்பினாள்.

"ஆகஸ்ட்லயே உண்மையைச் சொல்லியிருந்தா ஒண்ணு செஞ்சிருக்கலாம் டாக்டர். நீங்க வளர்த்த அந்தச் சந்தைக் கூட்டத்துல ஏழெட்டு வகை இருக்கு. பியோர்கோவைத் திறக்கத் தெரிஞ்சது அதுல ஒண்ணே ஒண்ணு. நான் சோதிச்ச வரிசைகள்ல ஒரு காட்டு ஓட்ஸ் இருக்கு. அந்த ஒண்ணையும் சேர்த்து எதுவுமே அதைத் தொட முடியலை. ரெண்டையும் இனக்கலப்பு பண்ணிக் கட்டினா பியோர்கோவுக்கு ரெண்டாவது பூட்டு வந்திருக்கும். நீங்க என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

போகுமில் உட்கார்ந்துவிட்டார். பூஞ்சை வெளியே வந்ததற்கு அசராதவர், இலையின் திசை தெரிந்ததற்கும் அழாதவர், இப்போது முகத்தைப் பொத்திக்கொண்டார். காயெத்தானுக்கு அந்த நேரத்தில் அவர்மேல் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. அது அவனுக்கே பிடிக்கவில்லை.

"நீ கட்டுவியா?" என்று கேட்டார் அவர், கையை எடுக்காமலே. "எனக்காக இல்லை. அதுக்காக."

"கட்டுவேன். விதை இருக்கு."

"என் பேர்?"

யாக்னா மேஜையிலிருந்த கிண்ணத்தை எடுத்துக்கொண்டாள். ஆட்டுக்குட்டியைப் பக்குவமாகப் பிரித்துச் செக்ரட்டரி அம்மாவிடம் கொடுத்தாள். பச்சையை மட்டும் ஒரு கைக்குள் மூடிக்கொண்டு, தன் அறைச் சாவியைக் கோட்டுப் பையில் தட்டிப் பார்த்துக்கொண்டாள்.

"பூஞ்சையில புது வகை ஏதாவது கிடைச்சா, அதைக் கொண்டு வந்தவங்க பேரைத்தான் வைப்போம். எங்க வழக்கம் அது," என்றாள். "பியோர்கோவைத் திறக்கற அந்த ஒண்ணுக்குப் போகுமில்னு எழுதி வைக்கப் போறேன் டாக்டர். ஓட்ஸ் விதைக்கிற எல்லா நாட்டுக்கும் அனுப்புவேன். இனிமே புது ரகம் யார் வளர்த்தாலும், முதல்ல போகுமிலைத் தாங்குதான்னுதான் பார்ப்பாங்க."